நூற்றிருபத்தேழுக்கு மேல் களைப்பில்லை

உப்பளத்துக்கு எந்திரம் வந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், நிலாவில் வீட்டுமனை விற்கிற காலத்தில் போய் உப்பைத் தலையில் சுமக்கிறார்களா என்று கேட்பீர்கள். எந்திரம் வந்தது. மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் மாலை போட்டு, தேங்காய் உடைத்துத்தான் பாத்திக்குள் இறக்கினார்கள். முதல் எந்திரம் நாற்பதாவது நாள் மூட்டு இறுகி, கை தூக்கியபடி நின்றுவிட்டது. இரண்டாவதை உப்பு உள்ளுக்குள்ளேயே தின்றுவிட்டது. மூன்றாவது துருப்பிடிக்காத ரகம். ஆனால் உப்பு வெளிச்சத்தில் அதன் கண் கூசி, கடலைப் பாத்தி என்று நினைத்து நேரே நடந்து போய்விட்டது. இன்னும் திரும்பி வரவில்லை.

கடைசியில் கம்பெனி ஓர் உண்மையைக் கண்டுபிடித்தது. உப்பில் கிடந்தும் துருப்பிடிக்காத, பழுதானால் தானாகவே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிற, மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று வந்து நிற்கிற எந்திரம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அது சேலை கட்டியிருந்தது.

தங்கபுஷ்பம் அந்த ரகம். வயது நாற்பத்தாறு. தூத்துக்குடிக்குத் தெற்கே, தார்ச்சாலைக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் பாத்திகளில் உப்பைப் பெட்டியில் அள்ளி, வரப்பு வழியே சுமந்து போய் அம்பாரத்தில் கொட்டுவது வேலை. அந்த உப்புக் குவியலைப் படம் பிடிக்க வருகிறவர்கள் பனிமலை மாதிரி இருக்கிறது என்பார்கள். கிட்டத்தில் வந்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

ஆறு பெண்கள் சேர்ந்தது ஒரு கொத்து. ஒவ்வொருத்தி மணிக்கட்டிலும் ஒரு கறுப்புக் காப்பு, கழற்ற முடியாதது. தலைச் சும்மாட்டுக்குள் ஒரு வில்லை. வில்லை எடையைச் சொல்லும், காப்பு களைப்பை எண்ணும். நிறைபெட்டி ஒரு நடை சுமந்தால் எட்டுப் புள்ளி ஏறும். கையை ஆட்டாமல் அசையாமல் இருந்தால் நிமிஷத்துக்கு ஒரு புள்ளி இறங்கும். நூற்றிருபதைத் தொட்டால் காப்பு கூவும். அப்போது சும்மாட்டை இறக்கிவிட்டு நிழலறைக்குப் போக வேண்டும். நிழலறை என்பது குளிரூட்டிய இரும்புக் கூண்டு. காப்பைக் காட்டினால் கதவு திறக்கும். ஒரு காப்புக்கு ஓர் உடம்பு, அதுவும் அந்தக் காப்பைப் போட்ட உடம்பு. கூட இன்னோர் உடம்பு நுழைந்தால் கதவு வாயை மூடிக்கொள்ளும்.

இதையெல்லாம் கம்பெனி மனமிரங்கிக் கொடுத்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே கோடையில் மூன்று பெண்கள் பாத்தியில் விழுந்து செத்தார்கள். யாருக்கு எப்போது நிழல் என்பதை அப்போது சூப்பர்வைசர்தான் சொல்லுவான். "இன்னும் பத்துப் பெட்டி" என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வாக்கியம். பெண்கள் பதினேழு நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். "மனுசனை நம்ப மாட்டோம், மிசினு சொல்லட்டும்!" என்று தொண்டை கிழியக் கோஷம் போட்டவளே தங்கபுஷ்பம்தான். அரசாங்கம் கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டது. கேட்டதை அப்படியே கொடுக்கிற அரசாங்கத்தைக் கண்டு பயப்பட வேண்டும் என்று அவளுக்கு அப்போது தெரியாது. சட்டம் வந்தது: நிழலறைக் கதவைத் திறக்கவோ மூடவோ இனி எந்த மனிதனுக்கும் உரிமையில்லை. சட்டத்தின் வாலில் கம்பெனி சின்னதாக ஒரு வரி ஒட்டிக்கொண்டது: நிறைத்த பெட்டி வரப்பில் நின்றால், அந்தக் கொத்து முழுவதற்கும் கதவு திறக்காது.

பாத்தியில் ஏற்கெனவே இருந்த ஒரு பழைய வழக்கத்தை அந்த வால் இன்னும் இறுக்கிக் கட்டியது. முன்பு ஒருத்திக்கு முடியாமல் போனால், இப்போது காப்பு கூவிவிட்டால், அவள் நிறைத்து வைத்த பெட்டியை, எண் குறைவாக இருக்கிற இன்னொருத்தி தன் பெட்டிக்கு மேலே வைத்துக்கொள்வாள். "ஏத்திவிடு" என்றால் போதும். கேட்கிறவளும் கூச்சப்பட மாட்டாள், சுமக்கிறவளும் சொல்லிக்காட்ட மாட்டாள். மாதவிலக்கு, பிள்ளைப்பேறு, புருஷன் அடித்த மறுநாள் எல்லாம் இப்படித்தான் வரப்பைத் தாண்டின.

காப்பு செய்வதற்கு முன் சென்னையிலிருந்து அளக்க வந்தார்கள். இரண்டு நாள், பந்தல் போட்டு, குளிர்காற்றுப் பெட்டி வைத்து. சூப்பர்வைசர் எட்வின் முதல் நாளே சொல்லிவிட்டான்: "சார்மாரு வாராங்க. அசிங்கம் பண்ணிராதீங்க." விருந்தாளி வந்தால் ஓட்டைப் பாத்திரத்தை ஒளித்து வைக்கிற புத்தி நம்முடையது. பெண்கள் துவைத்த சேலை கட்டி, பூ வைத்து வந்தார்கள். தலைக்கு ஒரு பெட்டி, அலுங்காமல் குலுங்காமல். இரண்டு நாளும் ஒருத்தியும் "ஏத்திவிடு" என்று வாய் திறக்கவில்லை. அளக்க வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள்: ஒரு நடைக்கு அதிகபட்சம், எட்டு.

ஆக, ஓட்டைப் பாத்திரம் ஓட்டையாகவே இருந்தது. அதற்குள் சட்டத்தை ஊற்றிவிட்டார்கள்.

சித்திரை மாதம், காலை பத்தரை மணி. கொத்துக்குத் தலைவி சந்தனமாரி. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. வாய் ஆறடிக்கும் கூடுதல். கொத்தில் இளையவள் பாண்டிச்செல்விக்கு அன்று ஐந்து மாதம். பெட்டியை நிறைத்து நிமிர்ந்தாள், காப்பு கூவிவிட்டது.

"மாரியத்தே..."

"என்னட்டி அத்தே நொத்தே? எடுத்து ஏத்திவிடு."

"ஒங்க காப்பும் நூத்திப் பத்தொம்பதுல நிக்கி."

"அது நிக்கும். நான்லா நடக்கணும். தங்கம், ஒரு கை பிடி."

தங்கபுஷ்பம் பிடித்தாள். பெட்டிக்கு மேல் பெட்டி ஏறியது. சந்தனமாரியின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. அப்படியே நூறடி நடந்து, அம்பாரத்தில் இரண்டையும் கவிழ்த்துவிட்டு வந்தாள். முகம் செங்கல் சூளை நிறத்தில் இருந்தது. வியர்வை நின்றிருந்தது. அதுதான் கெட்ட சகுனம் என்று பாத்தியில் வேலை செய்கிற யாருக்கும் தெரியும். காப்புக்கு மட்டும் தெரியாது. அது கூவவே இல்லை.

"ஏட்டி, இங்க பாரேன். எனக்கு மட்டும் நம்பருக்கு முன்னால ஒரு கோடு போட்டிருக்கான். பதவி உயர்வா?"

தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். கழித்தல் குறி. அதன் பின்னால் நூற்று இருபத்தொன்று.

அதே நேரம் வாசலில் இருந்த பெரிய திரையில் சந்தனமாரியின் படம் வந்தது. சுற்றிலும் பூ விழுந்தது. 'இன்றைய புத்துணர்ச்சி நாயகி' என்று எழுத்து மின்னியது. எட்வின் சிரித்துக்கொண்டே வந்தான்.

"யக்கா, இந்த அளத்துலயே ஒனக்குத்தான் களைப்பே இல்லியாம். சைபரை விடக் கம்மியாம்! வீட்டுல என்னத்தத் திங்க?"

"பழைய கஞ்சியும் ஒன் ஏச்சும்தான்" என்றாள் சந்தனமாரி. நாக்கு கொஞ்சம் குழறியது. நிழலறைக்குப் போய்க் காப்பைக் காட்டினாள். கதவு திறக்கவில்லை. இனிமையான பெண் குரல் ஒன்று வந்தது: "தாங்கள் மிகுந்த புத்துணர்ச்சியுடன் இருக்கிறீர்கள். களைத்தவர்களுக்கு வழிவிடுங்கள்."

"செரி தாயி" என்று கதவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, வரப்புக்குத் திரும்பி, அடுத்த பெட்டிக்குக் குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டாள்.

தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீரே வெந்நீராகத்தான் இருந்தது. சேலை முந்தானைகளைப் பிடித்து நிழல் கட்டினார்கள். அவள் உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது, கைகால் வெட்டி இழுத்தது. எட்வின் கதவைக் காலால் உதைத்தான், தோளால் மோதினான். கப்பலில் வந்த இரும்பு. அது அவனை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கம்பெனி மருத்துவ வண்டியைக் கூப்பிட்டான்.

"நம்பர் என்ன?" என்றது வண்டி.

"மைனஸ் நூத்தி இருவத்தொண்ணு."

"யோவ், அது என்னைவிட நல்லாருக்கு. நூத்தி இருபது தாண்டினாத்தான் வண்டி ஸ்டார்ட்டே ஆகும்" என்று வைத்துவிட்டது. ஊர் பதினான்கு கிலோமீட்டர். உப்பு லாரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும்.

எட்வின் காப்பின் பின்பக்கம் எழுதியிருந்த உதவி எண்ணைத் தட்டினான். சென்னையில் ஒரு பையன் எடுத்தான். இளம்பரிதி என்று பெயர் சொன்னான். அளக்க வந்தவர்களில் அவனும் ஒருத்தன். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். பெண்கள் கொடுத்த பதநீரைக் குடித்துவிட்டு ஒருநாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தவன்.

"மைனஸ் நூத்தி இருபத்தொண்ணா? இதுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?"

"நூத்திப் பத்தொம்பது!" தங்கபுஷ்பம் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அப்போ ஒரே நடையில பதினாறு ஏறியிருக்கா? எப்படிங்க? அதிகபட்சமே எட்டுதானே?"

"ரெண்டு பெட்டி தூக்குனா."

"ரெண்டா? நாங்க ரெண்டு நாள் பார்த்தோமே, யாரும் ரெண்டு தூக்கலையே."

"நீங்க பாக்கீங்கன்னுதான்யா தூக்கல!"

அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னான்: "நூத்திப் பத்தொம்பதும் எட்டும் நூத்தி இருபத்தேழு. சரியாப் பொருந்திச்சு. அதான் சின்னப் பெட்டியே போதும்னு விட்டுட்டோம்."

"என்ன பெட்டி?"

"நம்பர் வைக்கிற பெட்டிம்மா. சி-ன்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை. அதுல சின்னப் பெட்டி, பெரிய பெட்டின்னு உண்டு. சின்னப் பெட்டியில நூத்தி இருபத்தேழு வரைக்கும்தான் கொள்ளும். அதுக்கு மேல ஒண்ணு சேர்த்தாலும், ராட்டினம் மாதிரி உச்சியிலிருந்து நேரா அடிக்குப் போயிடும். மைனஸ் நூத்தி இருபத்தெட்டு. அங்கேருந்து மறுபடி ஏறும்."

"அப்ப மிசினுக்குக் கூட்டக்கூடத் தெரியாதா?"

"கூட்டும்போது சரியாத்தான் கூட்டும். நூத்தி முப்பத்தஞ்சுன்னு அதுக்கு ஒரு நொடி தெரியும். திரும்பப் பெட்டிக்குள்ள வைக்கும்போதுதான் மிச்சத்தை வெட்டிடும்."

தங்கபுஷ்பத்துக்கு இது ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை. உண்மை ஒரு நொடி தெரியும், எடுத்து வைக்கும்போது வெட்டிவிடும். மனு வாங்குகிற அதிகாரிகளிடம் அவள் எத்தனை பார்த்திருக்கிறாள்.

"மேல போனா ஒடைஞ்சிரும்னு தெரிஞ்சே ஏன்யா சின்னதா வச்சீங்க?"

"நாலு லட்சம் காப்பு. இடம் மிச்சம் பிடிக்கச் சொன்னாங்க. அப்புறம்..." அவன் குரல் இறங்கியது. "மனுஷன் நூத்தி இருபத்தேழுக்கு மேல களைக்க முடியாதுன்னு நினைச்சோம். அதுக்கு முன்னாடியே விழுந்துடுவாங்கன்னு."

"நல்லா நெனச்சீங்க. இப்பக் கதவத் தொறங்க."

"எனக்கும் உரிமை இல்லைங்க. சட்டம். காப்பு நூத்தி இருபது காட்டணும். இங்கேருந்து ஏத்தணும்னா இன்னும் முப்பத்தோரு பெட்டி தூக்கணும்."

சந்தனமாரியின் கண் மேலே செருகியிருந்தது. வாயோரம் நுரை. முப்பத்தோரு பெட்டி. பாண்டிச்செல்வி ஓவென்று அழுதாள். தங்கபுஷ்பம் அழவில்லை, அழுதால் வீணாகிற தண்ணீரை நினைத்தாள். ராட்டினத்தை நினைத்தாள். பனிமய மாதா திருவிழாவில் அவளும் சந்தனமாரியும் ஏறிய ராட்டினம். உச்சியில் ஏறியதும் சந்தனமாரி கெட்ட வார்த்தையில் சாமி கும்பிட்டாள். ராட்டினக்காரன் கடைசிச் சுற்றைப் பின்னாலும் சுற்றிவிட்டான்.

"யய்யா, மேல போனது அடிக்கு வந்துச்சுல்லா?"

"ஆமா."

"அப்ப அடியில இருந்து இன்னும் கீழ போனா?"

பையன் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. "மைனஸ் நூத்தி இருபத்தெட்டுக்குக் கீழே ஒண்ணு போனா... நூத்தி இருபத்தேழு. உச்சிக்கு வந்துடும். எட்டுப் புள்ளி இறங்கினா போதும். எட்டே நிமிஷம்! ஆனா கை அசையக்கூடாது. அசைஞ்சா இறங்காது."

வெட்டி இழுக்கிற கையை அசையாமல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். தங்கபுஷ்பம் வரப்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து, தன் முழு எடையையும் அதன் மேல் கிடத்தினாள். எட்வின் தோளைப் பிடித்தான். மூன்று பேர் கால்களில் உட்கார்ந்தார்கள். பாண்டிச்செல்வி முந்தானையை விரித்து நின்றாள்.

நூற்று இருபத்திரண்டு. கோடு முன்னால் இருந்தது.

"இறங்குது" என்று தங்கபுஷ்பம் சொன்னாள். களைத்தவளை இன்னும் களைக்காதவளாகக் காட்டினால்தான் களைத்தவள் என்று ஒப்புக்கொள்ளுமாம் மிசின். இதைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு என்று சொல்லித் தருகிறார்கள்.

நூற்று இருபத்தைந்தில் கை ஒரு உதறு உதறியது. ஒரு நிமிஷம் போச்சு. காப்பு வேறு குறுக்கே பேசியது: "தாங்கள் புத்துணர்ச்சியுடன் அமர்ந்திருக்கிறீர்கள். எழுந்து நடமாடலாமே?"

"ஒன் வாயில உப்ப அள்ளிப் போட" என்றாள் தங்கபுஷ்பம்.

ஏழு. எட்டு. கோட்டோடு நூற்று இருபத்தெட்டு வந்ததும் யாரும் மூச்சு விடவில்லை. அந்த நிமிஷம் மட்டும் ஒரு பாத்தி உப்பு விளைகிற நேரம் ஓடியது. பிறகு கோடு மறைந்தது. நூற்று இருபத்தேழு. காப்பு அலறியது. நிழலறைக் கதவு, காலையிலிருந்து காத்திருந்ததுபோல, பவ்யமாகத் திறந்தது. வாசல் திரையில் நாயகியின் படம் அணைந்தது. சாக்கில் கிடத்தி அவளை மட்டும் உள்ளே தள்ளினார்கள். தள்ளி முடிப்பதற்குள் எட்வினின் போன் அடித்தது.

"நூத்தி இருபத்தேழா? அய்யய்யோ, ஏன்யா முன்னாடியே சொல்லல? வண்டி கிளம்பிடுச்சு!"

சந்தனமாரி பிழைத்தாள். இரண்டு வாரம் ஆஸ்பத்திரி; ஒரு சிறுநீரகம் பாதி வேலை செய்கிறது; வாய் முழு வேலை செய்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து இளம்பரிதி நேரில் வந்தான். மறுபடி பந்தல், மறுபடி குளிர்காற்றுப் பெட்டி. தங்கபுஷ்பத்தைத் தனியாகக் கூப்பிட்டான். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"பெட்டியை மாத்திட்டோம்மா. பெரிய பெட்டி. முப்பத்திரண்டாயிரம் வரைக்கும் கொள்ளும்."

"நல்லது."

"கமிட்டி போட்டாங்க. விவரமெல்லாம் பார்த்தாங்க. ஒரு மனுஷி நூத்தி முப்பத்தஞ்சு வரைக்கும் போய்... உயிரோட இருக்காங்கன்னு நிரூபணம் ஆயிருக்கு. அதனால கூவுற அளவை நூத்தி இருபதுலேருந்து நூத்தி முப்பத்தஞ்சா உயர்த்தலாம்னு முடிவு. புதுப் பெட்டியில இடமும் இருக்கு. இந்த ரெண்டு நாள் அளவை மட்டும்தான் பாக்கி. அளவு ஒத்துவந்தா நாலு லட்சம் பேருக்கும் அதான்."

"அவ செத்திருந்தா?"

"நூத்திப் பத்தா குறைச்சிருப்பாங்க."

"அப்பப் பொழைச்சது எங்க தப்பு" என்றாள் தங்கபுஷ்பம். கோபம் கூட வரவில்லை. மூன்று பேர் செத்து வாங்கிய சட்டம். ஒருத்தி சாகாததால் போகப்போகிறது. "நீ என்ன எழுதுவ?"

"நான் பாக்கிறதைத்தான் எழுத முடியும்மா" என்றான் அவன். சொல்லிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான்.

எட்வின் வந்து சொன்னான்: "சார்மாரு வந்திருக்காங்க. அசிங்கம் பண்ணிராதீங்க." சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே கொஞ்ச நேரம் நின்றான். "இல்ல... ஒங்க இஷ்டம்" என்று போய்விட்டான்.

இந்தத் தடவை யாரும் பூ வைத்து வரவில்லை. எந்தச் சேலை கிழிந்ததோ அந்தச் சேலை. முக்கால் பெட்டி அள்ளினார்கள், நின்று நின்று நடந்தார்கள், முதுகைப் பிடித்தார்கள், அம்மா என்றார்கள். நடிப்பு என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷமாக மறைத்ததைத்தான் மறைக்காமல் விட்டார்கள்.

சிக்கல் சந்தனமாரிதான். வேலைக்குத் திரும்பிய முதல் நாள். வெறும் பார்வைக்கு நின்றால் போதும் என்று சொல்லியும் சும்மாடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பத்தரை மணிக்குப் பாண்டிச்செல்வி, வயிறு முன்னால் வர, ஒரு பெட்டியை நிறைத்து வரப்பில் வைத்தாள். வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பந்தலில் இருந்த எல்லாக் கண்ணாடிகளும் அந்தப் பெட்டி பக்கம் திரும்பின. ரெண்டு பெட்டி தூக்குகிற பெண் எழுந்து வந்துவிட்டாளே!

சந்தனமாரி பெட்டியைப் பார்த்தாள். முப்பது வருஷம் பழகிய கழுத்து தன்னால் குனிந்தது. கை விளிம்பைப் பிடித்தும்விட்டது.

"மைனி" என்றாள் தங்கபுஷ்பம் மெதுவாக.

"நெறஞ்ச பெட்டிட்டி. வரப்புல நின்னா எல்லாருக்கும் கதவு அடைச்சிரும்."

"அடைக்கட்டும்."

"என்னத்தட்டி நெனைப்பாங்க?"

"நெனைக்கட்டும்னுதான்."

சந்தனமாரி பெட்டியை விட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபோது கூட அவள் முகம் அப்படிக் கோணியதில்லை. சும்மாட்டை அவிழ்த்தாள். நேரே பந்தலுக்குள் நடந்து போய், குளிர்காற்றுப் பெட்டிக்கு முன்னால், பெரிய சார் ஒருவர் காலை நீட்டியிருந்த இடத்தில், பொத்தென்று உட்கார்ந்தாள். பின்னாலேயே ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். பெரிய சார் காலை மடக்கிக்கொண்டார்.

வரப்பில் நிறைந்த பெட்டி வெயிலில் தனியாக மின்னியது. ஒருத்தரும் போகவில்லை.

இளம்பரிதி குனிந்து சந்தனமாரியின் காப்பைப் பார்த்தான். அறுபத்து நான்கு.

"இதுக்கு மேல முடியாதாம்மா?"

"முடியல சார்" என்றாள். முப்பது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வருவது அதுதான் முதல் தடவை. சரியாக வந்ததா என்று தங்கபுஷ்பத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பெரிய சார் எட்டிப் பார்த்து, "என்னப்பா எழுதறே?" என்றார்.

"பார்த்ததைத்தான் சார். களைச்சு உட்கார்ற அளவு, அறுபத்தி நாலு" என்று இளம்பரிதி எழுதி, அடிக்கோடும் போட்டான். "பெரிய பெட்டி தேவைப்படாது சார். பழைய சின்னதிலேயே தாராளமா அடங்கும்."